மழைக்கு அப்புறம் ஸ்டார்ட் ஆகாத பாக்ஸ்டர்: குன்னூர்ல ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வண்டி 2000 மாடல் போர்ஷே பாக்ஸ்டர், 2.7 லிட்டர், அஞ்சு கியர் மேனுவல். 986னு சொல்ற முதல் தலைமுறை, 1996ல ஆரம்பிச்சு 2004 வரைக்கும் வந்த மாடல். இஞ்சின் சீட்டுக்கு பின்னாடி நடுவுல உக்காந்துருக்கும், ஃப்ளாட் சிக்ஸ், அதாவது ஆறு சிலிண்டர் ரெண்டு பக்கமும் படுத்த மாதிரி, தண்ணில கூல் ஆகற டைப். முன்னாடி ஒரு டிக்கி பின்னாடி ஒரு டிக்கி, பேட்டரி முன் டிக்கில, மேல மடிக்கிற துணி ரூஃப், பின் கண்ணாடி பிளாஸ்டிக். இந்த வண்டிக்கு நிஜக் கண்ணாடி 2003 மாடல்லதான் வந்துச்சு.

ஓனர் இங்கிலாந்துல வேலை பாத்துட்டு ஊர் திரும்பினப்ப கூடவே கொண்டுவந்த வண்டி, அதனால ரைட் ஹேண்ட் டிரைவ். 15 வருஷம் முடிஞ்சு ஆர்சி புதுப்பிச்சு, பேப்பர் எல்லாம் சரியா இருக்கு. வயசு அறுபதுக்கு மேல ஆனாலும் வண்டிய அவரேதான் ஓட்டுவாரு, மாசத்துக்கு ரெண்டு மூணு தடவை கோத்தகிரி பக்கம் ஒரு சுத்து சுத்திட்டு வருவாரு. வீடு குன்னூர்ல தேயிலை சரிவுல. வண்டி நிக்கிறது மூணு பக்கமும் திறந்த தகர ஷெட்ல, சுத்தி சில்வர் ஓக், கொஞ்சம் தள்ளி கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ். இந்த மரங்கள ஞாபகத்துல வச்சுக்கோங்க, இந்த கேஸ்ல பாதி அதுங்கதான்.

குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்கு பருவமழைதான் பலமா அடிக்கும், ஐப்பசி கார்த்திகைல நாள் கணக்கா விடாம பெய்யும், மழை நின்னாலும் மஞ்சு இறங்கி எல்லாத்தையும் ஈரமாவே வச்சுருக்கும். அந்த நேரம் பாத்து ஓனர் குடும்பத்தோட மக பிரசவத்துக்கு சென்னை போயிட்டாங்க. வண்டி மேல தடிமனான பிளாஸ்டிக் கவர் போட்டு கட்டிட்டு போயிருந்தாங்க. திரும்பி வந்து பாத்தா ரிமோட்டுக்கு வண்டி பதிலே சொல்லல.

நாங்க போறதுக்கு முன்னாடி நடந்தது

பேட்டரி டவுன்னு நினைச்சு பக்கத்து எஸ்டேட் ஜீப்ல இருந்து ஜம்பர் கேபிள் போட்டுருக்காங்க. போட்ட உடனே ஹாரன் தானா அடிச்சுருக்கு, இண்டிகேட்டர் விட்டு விட்டு எரிஞ்சுருக்கு, கண்ணாடி இறங்கி பாதில நின்னுருக்கு. சாவிய திருப்பினா ஒரு தடவை ஸ்டார்ட்டர் சுத்துது ஆனா இஞ்சின் பத்திக்கல, அடுத்த தடவை சத்தமே இல்ல. லோக்கல் எலக்ட்ரீசியன் ஒருத்தர் வந்து ஃப்யூஸ் எல்லாம் செக் பண்ணி, போயிருந்த ரெண்ட மாத்திட்டு, "சார் இது கம்ப்யூட்டர் பிரச்சன, நான் கை வச்சா தப்பா போயிரும்"னு நேர்மையா சொல்லிட்டு காசு வாங்காம கிளம்பிட்டாரு. இந்த கேஸ்ல எடுத்த நல்ல முடிவுகள்ல அதுவும் ஒண்ணுனு நான் நினைக்கறேன், ஏன்னா அவர் அதோட நிறுத்தலைன்னா இன்னும் நிறைய எரிஞ்சுருக்கும்.

அதுக்கப்புறம் ஒரு பெரிய ஊர் ஒர்க்‌ஷாப்ல போன்ல கேட்டுருக்காங்க. வண்டிய பாக்காமலே இஞ்சின் ஈசியூ (இஞ்சின் கம்ப்யூட்டர்), இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாம இஞ்சின் ஓடாம தடுக்கறது), சாவி மூணையும் செட்டா மாத்தணும், பெட்ரோல் பம்பும் போயிருக்கலாம், நாலு லட்சத்துக்கு குறையாதுன்னு பதில். ஓனர் வண்டிய வித்துடலாமான்னு யோசிக்க ஆரம்பிச்ச நேரத்துலதான் கோயமுத்தூர்ல கார் ரிப்பேர் பண்ற எங்களுக்கு சொந்தக்காரர் ஒருத்தர் மூலமா தகவல் வந்துச்சு. நான் போன்ல சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், இனிமே யாரும் கரண்ட் குடுக்காதீங்க, சாவியும் போடாதீங்க, நாங்க வர்ற வரைக்கும் அப்படியே இருக்கட்டுங்க சார்.

போய் பாத்தப்ப தெரிஞ்சது

ஸ்கேனர கைல எடுக்கல. முதல்ல கவர கழட்டினோம். உள் பக்கம் முழுக்க வேர்த்து துணி ரூஃப்ல பச்சையா பாசி. கதவ திறந்த உடனே பூஞ்சை வாடை. ஃப்ளோர் கார்ப்பெட்ட தொட்டு பாத்தா மேல ஓரளவு காஞ்சமாதிரி இருந்துச்சு, ஓனரும் "உள்ள தண்ணி இல்லையே, நான் பாத்தேனே"ன்னாரு. ஆனா இந்த வண்டில கார்ப்பெட்டுக்கு அடியில தடிமனா ஃபோம் இருக்கு, மேல காஞ்சாலும் ஃபோம் மாசக்கணக்குல தண்ணிய பிடிச்சு வச்சுருக்கும். உள்ளங்கைய வச்சு பலமா அழுத்தினோம், விரல் இடுக்குல தண்ணி ஏறுச்சு.

அப்பவே பாதி விஷயம் புரிஞ்சுபோச்சு. ஏன்னா இந்த மாடல்ல அலாரம், சென்ட்ரல் லாக், இம்மொபிலைசர் மூணையும் பாத்துக்கற கன்ட்ரோல் யூனிட் சீட்டுக்கு அடியில ஃப்ளோர்லயே, காருக்குள்ள தண்ணி தேங்கற பள்ளத்துலயே உக்காந்துருக்கு. அது நனைஞ்சா ரிமோட் போகும், ஹாரன் தானா அடிக்கும், சாவிய அடையாளம் தெரியாம இஞ்சின் கம்ப்யூட்டருக்கு அனுமதி குடுக்காது, வண்டி ஸ்டார்ட் ஆகாது. ஓனர் சொன்ன அத்தனை அறிகுறியும் இந்த ஒரு பெட்டிக்குள்ள அடங்கிருச்சு. இஞ்சின்மேலயோ பம்ப்மேலயோ சந்தேகப்பட அப்போதைக்கு காரணமே இல்ல.

2000 மாடல்ங்கறதால முன் டிக்கி லிவர் கேபிள்ல இழுக்கறது, எலக்ட்ரிக் இல்ல, அதனால கரண்ட் இல்லாமலே திறக்க முடிஞ்சுது. பேட்டரி நெகட்டிவ கழட்டிட்டு கொஞ்ச நேரம் விட்டோம். சைடு ஏர்பேக் இருக்கற சீட்டு, பேட்டரி இருக்கறப்ப கனெக்டர பிடுங்கினா ஏர்பேக் லைட் எரிஞ்சு நிக்கும், அதனால இந்த வரிசை முக்கியம். அப்புறம் சீட்டு போல்ட் நாலு, வெளிப்பக்க டார்க்ஸ் தலை, அதாவது நட்சத்திர வடிவம், அதுக்குனு சாக்கெட் வேணும், சாதாரண ஸ்பேனர் போட்டா தலை மழுங்கிடும்.

யூனிட்ட வெளிய எடுத்தப்ப கனெக்டர்ல இருந்து தண்ணி சொட்டுச்சு. உள்ள பின்னுங்க சுத்தி பச்சை பூத்துருந்துச்சு.

தண்ணி எந்த வழியா வந்துச்சு

யூனிட்ட ரிப்பேர் பண்றதுக்கு முன்னாடி இத கண்டுபிடிக்கணும்னு முடிவு பண்ணோம். ஓனருக்கு அவசரம், முதல்ல வண்டி ஸ்டார்ட் ஆகட்டுமேன்னாரு, நியாயம்தான், ஆனா வழிய அடைக்காம யூனிட்ட போட்டா அடுத்த மழைக்கு திரும்ப அதே கதை.

இந்த ரூஃப் தண்ணிய தானே வெளிய விடற மாதிரி அமைச்சுருக்காங்க, ரூஃப் மடிஞ்சு போற இடத்துக்கு அடியில பிளாஸ்டிக் தட்டு, அதுல விழற தண்ணி ரெண்டு மூலைலயும் இருக்கற ட்ரெயின் ஓட்டை வழியா டியூப்ல இறங்கி பின் டயருக்கு முன்னாடி தரைல விழணும். மூலைல ஒரு மக் தண்ணிய மெதுவா ஊத்திட்டு, ஒருத்தர் கீழ குனிஞ்சு பாத்தா போதும். வலது பக்கம் சொட்டு சொட்டா வந்துச்சு, இடது பக்கம் ஒண்ணுமே வரல, ஊத்துன தண்ணி கொஞ்ச நேரத்துல உள் பக்கமா கார்ப்பெட்டுக்கு வந்துச்சு. பக்கத்துல நின்னு பாத்துட்டு இருந்த ஓனர் அதுக்கப்புறம் அவசரத்த பத்தி பேசவே இல்ல.

ரூஃப பாதி தூக்கி சர்வீஸ் பொசிஷன்ல நிறுத்திட்டு டார்ச் அடிச்சு பாத்தா ஓட்டைல கருப்பா களிமண் மாதிரி ஒரு அடைப்பு. சில்வர் ஓக் இலை நுனி நுனியா பிரிஞ்சுருக்கும், காஞ்சா உதிர்ந்து சின்ன தூளாகும், அதோட பூவும் சேர்ந்து மஞ்சுல நனைஞ்சு மக்கி அப்படியே இறுகிருச்சு. கற்பூர இலை பெருசு, மேலயே நிக்கும், கண்ணுக்கு தெரியும், கைல எடுத்து போட்டுடலாம். உள்ள போய் அடைக்கிறது சில்வர் ஓக்தான். எஸ்டேட்ல வண்டி நிறுத்தறவங்க இத கவனிக்கணும்.

கம்ப்ரஸர் காத்து அடிச்சு விடலாமேன்னு கூட வந்த பையன் கேட்டான். வேண்டாம்னு சொன்னோம், பலமா அடிச்சா டியூப் உள்ள எங்கயோ கழண்டுரும், அப்புறம் அடைப்பு இல்லாமலே தண்ணி வண்டிக்குள்ள போகும், வெளிய இருந்து தெரியவும் தெரியாது. புல்வெட்டுற மெஷின்ல வர்ற நைலான் நரம்ப எடுத்து நுனிய லேசா சூடு காட்டி மழுக்கிட்டு மெதுவா விட்டு விட்டு எடுத்தோம், வெதுவெதுப்பான தண்ணி கொஞ்சம் கொஞ்சமா ஊத்தினோம். ரொம்ப நேரம் பிடிச்சுது. கடைசில அடைப்பு விட்டு தண்ணி தடதடன்னு கீழ விழுந்தப்ப அங்க இருந்த எல்லார் முகத்துலயும் ஒரு நிம்மதி.

முன்னாடி பேட்டரி பக்கத்துல வைப்பர் கீழ இருக்கற ட்ரெயினும் இதே கதைதான், ஆனா அது முழுசா அடைக்கல. அதையும் சுத்தம் பண்ணோம்.

யூனிட்டுக்கு மூணு வழி இருந்துச்சு

ஒண்ணு, புது யூனிட் வரவழைச்சு வண்டிக்கும் சாவிக்கும் கோடிங் பண்றது. ஒரிஜினல் கோடு வேணும், ஓனர்கிட்ட அந்த பேப்பர் இல்ல, ஆர்சி அடையாள அட்டை எல்லாம் குடுத்து எழுதி வாங்கணும், செலவும் காலமும் அதிகம். ரெண்டு, வெளிநாட்டுல பழைய வண்டி பிரிக்கிறவங்ககிட்ட அதே பார்ட் நம்பர் யூனிட் வாங்கி, நம்ம யூனிட்ல இருக்கற ஈஈப்ராம் சிப்புல (கரண்ட் போனாலும் தகவல அழியாம வச்சுருக்கற மெமரி) பதிஞ்சத அதுக்கு மாத்துறது. மூணு, இதையே காய வச்சு சுத்தம் பண்ணி ரிப்பேர் பண்றது.

மூணாவத முயற்சி பண்ணலாம், ஆனா எது பண்றதுக்கும் முன்னாடி அந்த சிப்ப படிச்சு காப்பி எடுத்து வச்சுரணும்னு முடிவு. சாவியோட அடையாளம் எல்லாம் அதுலதான் இருக்கு, அது போச்சுன்னா ரெண்டாவது வழியும் மூடிரும். போர்டு நாளைக்கே செத்தாலும் காப்பி இருந்தா வண்டிய காப்பாத்திரலாம்.

கோயமுத்தூர்ல ஸ்பின்னிங் மில் மெஷினோட கன்ட்ரோல் போர்டு ரிப்பேர் பண்ற ஒரு அண்ணன் இருக்காரு. கார் வேலை அவர் தொழில் இல்ல, ஆனா ஈரத்துலயும் பஞ்சு தூசிலயும் கெட்டுப்போன போர்ட உயிர் குடுத்து எடுக்கறதுல அவர் கைய மிஞ்ச ஆள் இல்லன்னு நான் நம்பறேன். அவர்கிட்ட குடுத்தோம். முதல்ல சிப்ப படிச்சு காப்பி எடுத்தாரு, ரெண்டு தடவை படிச்சு ரெண்டும் ஒண்ணா இருக்கான்னு ஒத்து பாத்தாரு. அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டு மெல்லிய பிரஷ்ல பச்சைய எடுத்து, லேசான சூட்டுல காய வச்சு, லென்ஸ்ல பாத்தா ரெண்டு இடத்துல தடம் அரிச்சு அறுந்துருந்துச்சு, மெல்லிய ஒயர் வச்சு ஜம்ப் பண்ணி, சந்தேகமான பின் எல்லாம் திரும்ப சால்டர் பண்ணாரு. "தண்ணி மட்டும்னா இவ்ளோ ஆகாது தம்பி, ஈரத்தோட கரண்ட் ஓடினதாலதான் இந்த அரிப்பு"ன்னு சொன்னாரு. பேட்டரி உயிரோட இருந்த நாள்லயும் ஜம்பர் போட்ட நேரத்துலயும் நடந்த சேதம் அது.

யூனிட் அவர்கிட்ட இருந்த சமயத்துல குன்னூர்ல கார்ப்பெட்ட தூக்கி கட்டை முட்டு குடுத்து ஃபேன் வச்சுருந்தோம். மலைல அந்த மாசத்துல காத்துலயே ஈரம், வெறும் ஃபேனுக்கு காயல, ஓனர் ஒரு டீஹியூமிடிஃபையர் வாங்கி கண்ணாடி எல்லாம் ஏத்தி உள்ள ஓடவிட்டாரு, அதுக்கப்புறம்தான் ஃபோம் காஞ்சுது. ஒயரிங் கனெக்டர் ஒவ்வொண்ணையும் சுத்தம் பண்ணோம், அதுல ஒரு பின் ஒடிஞ்சு வந்துச்சு, மாத்தினோம்.

ஸ்டார்ட் ஆச்சு

யூனிட்ட போட்டு, சார்ஜ் ஏத்துன பேட்டரி குடுத்து, மல்டிமீட்டர்ல கரண்ட் இழுக்கறது சரியா இருக்கான்னு பாத்துட்டு சாவிய போட்டோம். ரிமோட் வேலை செஞ்சுது. கண்ணாடி முழுசா இறங்கி ஏறுச்சு. அதோட நிறுத்திட்டு, டேங்க்ல இருந்த பெட்ரோல கொஞ்சம் எடுத்து கண்ணாடி பாட்டில்ல ஊத்தி வச்சு பாத்தோம், இப்ப பங்க்ல வர்றது இ20, அதாவது 20 சதவீதம் வரைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல், எத்தனால் ஈரத்த இழுக்கும், அளவு மீறினா தண்ணி கலந்த எத்தனால் பிரிஞ்சு அடியில நிக்கும். பிரியல. ஆனா வாடை பழசா இருந்ததால வடிச்சுட்டு புதுசு ஊத்தினோம். ரெண்டாவது சுத்துலயே பத்திக்கிச்சு. ஓனர் ஒண்ணும் சொல்லல, ஸ்டீயரிங்க பிடிச்சுட்டு அப்படியே உக்காந்துருந்தாரு.

மலை இறங்கறதுக்கு முன்னாடி

அன்னைக்கே ஒரு ரவுண்டு போயிட்டு வரட்டுமான்னு கேட்டாரு. வேண்டாங்க சார்னு உறுதியா சொன்னோம். குன்னூர் கிட்டத்தட்ட 1850 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் முந்நூத்தி சொச்சம், நடுவுல 14 கொண்டை ஊசி வளைவு. அந்த ரோட்டுல வண்டி ஸ்டார்ட் ஆகறது பெரிய விஷயம் இல்ல, நிக்கிறதுதான் விஷயம்.

பிரேக் ஆயில் தேன் கலருக்கு மேல போயி காப்பி கலர்ல இருந்துச்சு. கடைசியா எப்ப மாத்துனதுன்னு பில்லே இல்ல. டாட் 4 ஆயில் புதுசா இருக்கறப்ப கொதிநிலை குறைஞ்சது 230 டிகிரி, அதுலயே 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்தா 155 டிகிரி வரைக்கும் இறங்க அனுமதி இருக்கு. இறக்கத்துல பிரேக்க விடாம மிதிச்சுட்டே வந்தா காலிப்பர் சூடு ஆயிலுக்கு ஏறும், ஈரம் குடிச்ச ஆயில் கொதிச்சு ஆவியாகும், ஆவி அழுத்தத்துக்கு சுருங்கும், பெடல் தரைக்கு போயிடும். இந்த ஊர் ஈரத்துல ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவைங்கறது கட்டாயம், வண்டி ஓடலைன்னாலும் கட்டாயம். நாலு சக்கரத்துலயும் தெளிவா வர்ற வரைக்கும் மாத்தினோம், க்ளட்ச்சுக்கும் அதே ஆயில்தான், அதையும் மாத்தினோம்.

டயர் பூ நல்லா இருந்துச்சு, ஆனா பக்கவாட்டுல தேதி பாத்தா பத்து வருஷத்துக்கு மேல. நாலு இலக்கம் இருக்கும், 3214ன்னா 2014ல 32வது வாரம்னு அர்த்தம். ரப்பர் கல்லாயிருந்துச்சு. நாலும் மாத்தணும்னு சொன்னோம், ஓனர் தயங்கினாரு, ஈர ரோட்டுல பின்பக்கம் வழுக்கினா நடுவுல இஞ்சின் இருக்கற வண்டி வேகமா சுத்தும், பிடிக்க நேரம் குடுக்காதுன்னு விளக்கினதும் ஒத்துக்கிட்டாரு.

முன் பம்பர கழட்டினோம், இது பலபேர் செய்யாத வேலை. ரேடியேட்டர் ரெண்டு மூலைலயும் இருக்கு, அதுக்கு முன்னாடி ஏசி கண்டென்ஸர், நடுவுல இருக்கற சந்துல இலை போயி உக்காந்துரும். ஒவ்வொரு பக்கமும் ரெண்டு கை அள்ளுற அளவுக்கு மக்குன இலை வந்துச்சு. ஈர இலை அலுமினியத்த அரிக்கும், ஏத்தத்துல இஞ்சின் சூடும் ஏறும். கூலன்ட் டேங்க் இந்த மாடல்ல வெடிப்பு விடறது வழக்கம்னால பின் டிக்கி கார்ப்பெட்ட தூக்கி கறை இருக்கான்னு பாத்தோம், பிரஷர் டெஸ்ட்டும் பண்ணோம், நின்னுச்சு.

வண்டிய கோயமுத்தூருக்கு ஃப்ளாட்பெட்லதான் இறக்கினோம். தாழ்வான வண்டி, ஏத்தறப்ப முன் பம்பர் இடிக்காம இருக்க பலகை அடுக்கி சரிவ குறைச்சோம், ஓட்டிட்டு வந்த டிரைவர் ரொம்ப பொறுமையான மனுஷன்.

ஐஎம்எஸ் பேரிங்: செய்யாம விட்ட வேலை

இஞ்சினுக்குள்ள இன்டர்மீடியட் ஷாஃப்ட்ட (ஐஎம்எஸ்) தாங்கற பேரிங் உடைஞ்சா மொத்த இஞ்சினும் போயிடும்னு ஓனர் படிச்சுருந்தாரு, கையோட அதையும் மாத்திடலாமான்னு கேட்டாரு. கியர்பாக்ஸையும் க்ளட்ச்சையும் இறக்கினாத்தான் அந்த பேரிங்க எட்ட முடியும். 2000, 2001 மாடல்ல ரெண்டு வரிசை பேரிங்கும் வந்துருக்கு, ஒத்தை வரிசையும் வந்துருக்கு, கழட்டி பாத்தாதான் தெரியும். ஆயில் மாத்தறப்ப ஃபில்டர் பேப்பர் மடிப்ப பிரிச்சு வெளிச்சத்துல பாத்தோம், காந்தமும் வச்சோம். இரும்புத் துகள் இல்ல, பிளாஸ்டிக் துணுக்கும் இல்ல. க்ளட்ச் இன்னும் நல்லா இருக்கு, செலவும் ஏற்கெனவே ஏறிருச்சு. அதனால க்ளட்ச் போறப்ப ரெண்டையும் சேத்து பண்ணலாம்னு எழுதிக் குடுத்தோம். ஃபில்டர் சுத்தமா இருந்தா பேரிங் நல்லா இருக்குனு உத்தரவாதம் இல்லைங்கறதையும் சேத்தே சொன்னோம், தெரிஞ்சு எடுத்த முடிவா இருக்கணும்.

அடுத்த மழைக்கு என்ன ஆச்சு

மொத்த செலவு டயர் எல்லாம் சேத்தும் முதல்ல சொன்ன நாலு லட்சத்துல பாதிக்கும் கீழ. அடுத்த ஐப்பசி கார்த்திகை முழுக்க வண்டி குன்னூர்லயே நின்னுச்சு, உள்ள ஈரம் இல்ல, யூனிட் ஒழுங்கா ஓடுது. ஒரே ஒரு குறை, பின் பிளாஸ்டிக் கண்ணாடில மடிப்பு விழுந்த இடத்துல சின்ன விரிசல். குளிர்ல பிளாஸ்டிக் விறைச்சுரும், காலைல மஞ்சுல ரூஃப திறந்துட்டாங்க. இனிமே வெயில் வந்து கண்ணாடி இளகுன பிறகு மட்டும் திறக்கறது, திறக்கறப்ப பாதில நிறுத்தி மடிப்ப கையால தட்டி விடறதுன்னு ஓனர் பழகிட்டாரு.

இதுல மாத்திக்கிட்டது

எஸ்டேட் வாட்ச்மேனுக்கு மக் தண்ணி டெஸ்ட் சொல்லிக் குடுத்துருக்கோம், மழை மாசத்துல வாரம் ஒருதடவை, மத்த நேரத்துல மாசம் ஒருதடவை. எங்க எல்லாரவிடவும் அவர் ஒழுங்கா பண்றாரு. பிளாஸ்டிக் கவர் போச்சு, காத்து போற துணி கவர் வந்துச்சு. ஷெட்டுக்கு மரத்து பக்கம் ஒரு தகரம் அடிச்சாங்க. சீட்டுக்கு அடியில தண்ணி பட்டா கத்தற சின்ன அலாரம் ஒண்ணு வச்சுருக்கு, யூனிட்ட உயரத்துக்கு மாத்தலாம்னு யோசிச்சோம், ஒயர் நீட்டினா புது ஜாயின்ட், புது ஜாயின்ட்னா புது சந்தேகம், அதனால விட்டுட்டோம். சிப்போட காப்பி ஓனர்கிட்ட ஒண்ணு எங்ககிட்ட ஒண்ணு.

எங்க பக்கம், மலைல இருந்து போன் வந்தா இப்ப முதல் கேள்வியே கார்ப்பெட்ட அழுத்தி பாத்தீங்களாங்கறதுதான், ரெண்டாவது பேட்டரிய கழட்டியாச்சாங்கறது. ரூஃப் அடியில இருக்கற பிளாஸ்டிக் தட்டுல ஓரத்துல ஒரு கிழிசல் இருக்கு, இப்போதைக்கு ஒட்டி வச்சுருக்கோம், புதுசு ஆர்டர் போட்டாச்சு, வந்ததும் அடுத்த மழைக்கு முன்னாடி மாத்தணும்.